கால்வாய்க்கு முதுகு காட்டி நின்றவர்

சிட்னியிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற எங்கள் சுற்றுலாக் குழுவில் அந்நகரின் பரமட்டாப் பகுதியில் குடியேறிய ஈழத்தமிழர் ஒருவர் இருந்தார். எழுபதை எட்டியவர், அகன்ற நெற்றி, தடித்த புருவம். பெல்ஜியத்தின் புரூஜ் நகரில், பழைய செங்கல் வீடுகளும் மணிக்கூண்டும் நீரில் தெரியும் அந்தப் புகழ்பெற்ற கால்வாய்த் திருப்பத்தில் நாங்கள் அனைவரும் படமெடுத்துக்கொண்டிருந்தோம். அவர் மட்டும் கால்வாய்க்கு முதுகு காட்டி, தூறலிலும் தொப்பியைக் கழற்றிவிட்டு, கூட்டத்தைப் பார்த்து நின்றார். பயணம் முழுவதும் ஒவ்வோர் இடத்திலும் அவர் அப்படித்தான் நின்றார்.

"அண்ணை, ஆரையும் தேடுறியளோ?" என்று கேட்டேன்.

"தம்பியை. சண்டைக் காலத்தில ஏஜென்சிக்காரன் அவனை வேறை ஆளின்ரை பாஸ்போர்ட்டில அனுப்பினவன். பெல்ஜியத்திலயிருந்து ஒருக்கா போன் எடுத்தான். பிறகு ஒண்டுமில்லை."

"பொலிசில விசாரிக்கேல்லையோ?"

"என்ன பேரைச் சொல்லி விசாரிக்கிறது? அந்தப் பாஸ்போர்ட்டில இருந்த பேரை நான் கேக்காமல் விட்டிட்டன்."

இத்தனை ஆண்டுகளில் முகமும் மாறியிருக்குமே என்றேன்.

"ஓம், அவன் முன்னால வந்து நிண்டாலும் நான் மட்டுக்கட்டமாட்டன். ஆனால் நான் இப்ப எங்கடை அப்பாவை உரிச்சு வச்ச மாதிரி இருக்கிறன். கண்டால் அவன் என்னை அறிவான்."

அவர் தேடவில்லை, தம் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வழிகாட்டிப் பெண் பேருந்துக்கு அழைத்தாள். எனக்குக் கால் நோகிறது, ஐந்து நிமிடம் பொறுங்கள் என்று அவளிடம் பொய் சொன்னேன். அந்த ஐந்து நிமிடத்தில் எத்தனையோ பேர் எங்களைக் கடந்து சென்றனர். எல்லோருடைய கண்களும் கால்வாயின்மீதே இருந்தன.