செபமாலைக்காரர் சாப்பிட்ட செல்

உயிரியலில் நான் ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்டவள். இந்த முறையும் தேறாவிட்டால் தாதியர் படிப்புக்கு இடமில்லை என்று கல்லூரியில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். பிறகு ஆயுள் முழுக்க சூப்பர்மார்க்கெட்டில் வாழைப்பழம் அடுக்க வேண்டியதுதான். கடைசிச் சோதனை இதுதான்: ஒரு செல்லின் மாதிரியைச் செய்து கொண்டுபோய், ஆசிரியை கேட்பதற்கு வாயால் பதில் சொல்ல வேண்டும். எதைக் கொண்டும் செய்யலாம் என்றார் அவர். வகுப்பில் இருந்த சின்னஞ்சிறுசுகள் களிமண் வாங்கின. நான் எங்கள் தோர்ண்டன் ஹீத் பகுதியிலுள்ள தமிழ்க் கடைக்குப் போனேன்.

வட்டத் தட்டில், ஜெல்லிபோல உறையும் கடற்பாசியைக் காய்ச்சி ஊற்றினேன். வீட்டில் இருந்த ஒரே சாயம் சிவப்பு, அதையே கலந்தேன். தின்பதற்கல்லவே என்று சீனி போடவில்லை. நடுவில் செல்லின் கருவாகப் பெரிய லட்டு ஒன்றை அமுக்கினேன். சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் பேரீச்சம்பழம். உள்ளே மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் வலைக்கு இடியப்பம். அதன்மேல் புரதம் செய்யும் ரைபோசோம்களாகச் சவ்வரிசி. ஒவ்வொன்றிலும் பல் குத்தும் குச்சியில் பெயர் எழுதிய கொடி. மேசையில் வைத்துவிட்டு ஞாயிறு ஷிப்டுக்குப் போனேன். அத்தனை திமிரோடு நான் வேலைக்குப் போனதே இல்லை.

அது எங்கள் தேவாலயப் பங்கில் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும் மாதம். எங்கள் முறை அடுத்த ஞாயிறு. யாரோ வீட்டில் காய்ச்சலாம், முறையை மாற்றி அன்றே, கணவர் மட்டும் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். செபமாலை சொல்ல வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பும் பழக்கம் எங்களுக்கு இல்லை.

நான் வந்தபோது ஆட்கள் கிளம்புவதற்கு வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மாமி என் கையைப் பிடித்தார். "எல்லாம் நல்லாயிருந்தது பிள்ளை. ஆனா இடியப்பத்துக்குச் சொதி வைக்கேல்லையே."

மேசைக்கு ஓடினேன். தட்டில் சிவப்புக் கடற்பாசி மட்டும் இருந்தது, அதிலும் நிறையக் குழிகள்.

"என்ன செய்து வைச்சிருக்கிறியள்?" என்று கத்தினேன்.

"நீதானே குச்சியெல்லாம் குத்தி வைச்சனி, எடுத்துச் சாப்பிட வசதியாய்," என்றார் கணவர்.

"பேர் எழுதியிருந்ததைப் பாக்கேல்லையோ?"

"பாத்தனான். அலர்ஜி உள்ள ஆக்களுக்காக்கும் எண்டு நினைச்சன்."

"லட்டு?"

அவர் தரையைப் பார்த்தார். "அது மிச்சமாய்க் கிடந்தது. நான்தான்..."

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. விடிந்தால் சோதனை; கடைகளோ பூட்டியாயிற்று. அந்த மனிதரோடு ஒரு வார்த்தை பேசாமல் படுத்தேன்.

திங்கள் காலை பஸ்ஸில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வயிற்றெரிச்சலோடு பார்த்துக்கொண்டே போனேன். வட்டம். சிவப்பு. ஓரம் தடிப்பு, லட்டு இருந்த நடுவிடம் குழிவு. கரு இல்லை, மைட்டோகாண்ட்ரியா இல்லை. அடக் கடவுளே, இப்படி ஒரு செல் நம் உடம்பில் கோடிக்கணக்கில் ஓடுகிறதே!

"இது சிவப்பணு," என்றேன் ஆசிரியையிடம்.

"கரு எங்கே?"

"முதிரும்போது வெளியே தள்ளிவிடும். ஆக்ஸிஜன் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கு இடம் வேண்டுமே."

"மைட்டோகாண்ட்ரியா?"

"அது இருந்தால், கொண்டுபோகும் ஆக்ஸிஜனை வழியிலேயே தான் தின்றுவிடும்." இதைச் சொல்லும்போது கணவரின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

ஆசிரியை குனிந்து பார்த்தார். தட்டின் ஓரத்தில் இரண்டு இழை இடியப்பமும் கொஞ்சம் சவ்வரிசியும் ஒட்டிக்கொண்டிருந்தன. நான் கவனிக்கவே இல்லை. "அப்படியானால் இது என்ன?"

தட்டைத் திருப்பி அந்த இழைகளை உற்றுப் பார்த்தேன். "இது இன்னும் முழுதாக முதிரவில்லை," என்றேன் கடைசியில். "எலும்பு மஜ்ஜையிலிருந்து இப்போதுதான் இரத்தத்துக்குள் வந்திருக்கிறது. வலைத் துண்டும் ரைபோசோமும் மிச்சம் கொஞ்சம் இருக்கும். ஓரிரு நாளில் அவையும் போய்விடும்."

ஆசிரியை பேனாவைக் கீழே வைத்தார். "இதை நான் வகுப்பில் சொல்லித்தரவே இல்லையே," என்றார். "நீங்கள் தேறிவிட்டீர்கள்."

வீட்டுக்குத் திரும்பி பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, நிறுத்தத்தில் கணவர் தூறலில் நனைந்துகொண்டு நின்றார். கேட்கப் பயந்து என் முகத்தையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாஸ்," என்றேன்.

அந்த நடைபாதையிலேயே சிலுவை அடையாளம் போட்டார். கண் கலங்கியிருந்தது.

"அந்த லட்டுக்குப் பிறகு நான் ஒண்டுமே சாப்பிடேல்லையப்பா," என்றார்.