டினோஷா ஊதிய பெனால்ட்டி

செட்டிபாளையத்தில் நடந்த உதைபந்தாட்ட இறுதிப்போட்டி முடியக் கொஞ்ச நேரமே இருந்தபோது டினோஷா விசில் ஊதிப் பெனால்ட்டிப் புள்ளியைக் காட்டினாள். தடுத்தாடிய பையனின் முழங்கையில் பந்து பட்டதையும், அதனால் பந்து திசை மாறியதையும் அவள் பக்கத்தில் நின்று பார்த்திருந்தாள். சுற்றி நின்ற கூட்டம் தூஷணத்தில் கத்தியது. அவள் அசையவில்லை. பெனால்ட்டி கோலானது. உள்ளூர்க் கழகம் தோற்றது. வெளியூர்க்காரர்கள் கிண்ணத்தோடு போனார்கள்.

தூஷணம் அவளுக்குப் புதிதில்லை. மைதானத்தில் கறுப்புச் சட்டையும் காற்சட்டையும் போட்டு ஓடத் தொடங்கிய நாளிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். கத்துகிறவன் கத்துவான், ஆட்டம் முடிந்ததும் அவனே தேத்தண்ணிக் கடையில் பக்கத்தில் நின்று குடிப்பான். மைதானத்துக் கோபம் மைதானத்தோடு போய்விடும் என்றுதான் அவள் நம்பியிருந்தாள்.

அமிர்தகழியில் வாவியோரம் அவளுடைய வீடு. அப்பா பீற்றர் வாவியில் இறால் பிடிப்பவர். அம்மா றீற்றா கத்தோலிக்கக் கோயிலின் மாதர் சங்கத்தில் இருந்தார். அண்ணன் ரதீஸ் கட்டாரில் வேலை செய்தான். டினோஷாவுக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது, கலியாணம் ஆகவில்லை. கிழமை நாட்களில் நகரத்தில் ஒரு பார்மசியில் மருந்து எடுத்துக் கொடுப்பாள், சனி ஞாயிறுகளில் உதைபந்தாட்டப் போட்டிகளுக்கு மத்தியஸ்தம் செய்வாள்.

இறுதிப்போட்டி முடிந்த மறுநாள், 'மட்டு சிரிப்பு மன்றம்' என்ற முகநூல் பக்கத்தில் ஒரு வீடியோ வந்தது. முழங்கையில் பந்து பட்ட கணத்தை மட்டும் வெட்டி நீக்கிவிட்டு, அவள் விசில் ஊதுவதையும் வீரர்கள் தலையில் கைவைப்பதையும் ஒட்டியிருந்தார்கள். கீழே நூற்றுக்கணக்கானவர்கள் திட்டியிருந்தார்கள். டினோஷா அதைப் பார்த்துவிட்டுப் போனை வைத்துவிட்டாள். தோற்ற ஊர் திட்டத்தானே செய்யும் என்று நினைத்தாள்.

ஆனால் அது நிற்கவில்லை. அடுத்து அவளுடைய தொடையைப் பெரிதாக்கி ஒரு படம் வந்தது. பிறகு ஒரு மல்யுத்த வீரனின் உடம்பில் அவளுடைய முகத்தை ஒட்டி, இது ஆணா பெண்ணா என்று வாக்குக் கேட்டார்கள். அவளுடைய நிறத்தைப் பற்றி எழுதினார்கள். யாரும் கட்டாத காரணத்தைத் தாங்களே கண்டுபிடித்து எழுதினார்கள். மத்தியஸ்தர் சங்கத்தில் யாரோடு படுத்து இறுதிப்போட்டியை வாங்கினாள் என்று ஒருவன் கேட்க, இன்னொருவன் பெயர்களை அடுக்கினான். சிரிப்பு முகங்கள் நிறைந்து கிடந்தன. அதில் தனக்குத் தெரிந்த பெயர்களையும் அவள் கண்டாள். கூடப் படித்தவர்கள், மருந்து வாங்க வருபவர்கள், ஞாயிறு பூசையில் பாடுபவள் ஒருத்தி.

பிறகு அவளுடைய போன் நம்பரைப் போட்டார்கள். முன்பின் தெரியாத ஆண்கள் அழைத்து விலை கேட்டார்கள். பார்மசிக்கு வந்த ஒருவன் கவுண்டரில் சாய்ந்துகொண்டு பெனால்ட்டிக் குளிசை இருக்கிறதா என்று கேட்டான். பின்னால் நின்ற அவனுடைய கூட்டாளி அதைப் போனில் பதிவு செய்துகொண்டிருந்தான்.

பார்மசியில் கூட வேலை செய்த ஸுஹைனா காத்தான்குடிக்காரி. டினோஷாவை விட மூத்தவள், வாய் கொஞ்சம் கடுமை. அவள் கவுண்டரைச் சுற்றி வெளியே வந்து, பதிவு செய்தவனிடம் அழிக்கிறாயா, முதலாளியைக் கூப்பிடவா என்று கேட்டு, அழிக்கும் வரை வழியை மறித்து நின்றாள். அவர்கள் போனதும் டினோஷாவின் பக்கம் திரும்பினாள். அவளுக்கும் கோபம் வந்திருந்தது.

"எத்தின நாளா நடக்கிது இது? என்னத்துக்கு நீ ஒண்டும் செல்லாம இரிந்த?"

பெனால்ட்டிக்காகத் திட்டுகிறார்கள், கொஞ்ச நாளில் ஓய்ந்துவிடும் என்றாள் டினோஷா.

ஸுஹைனா போனை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "எங்க காட்டு, இதில பெனால்ட்டி எங்க இரிக்கி? முதல் ரெண்டு நாளோட அது முடிஞ்சி. மத்ததெல்லாம் உன்ட தொட, உன்ட நிறம், உன்ட கலியாணம். இவனுகளுக்கு ஆட்டத்தில கோவமில்ல புள்ள. உன்ன வெளியில வர விடாமப் பண்ணுறதுதான் வேல."

டினோஷா அதை அப்படிப் பிரித்துப் பார்த்திருக்கவில்லை. தீர்ப்புப் பிழை என்று எழுதியவனும், அவளுடைய நம்பரைப் போட்டவனும் அதுவரை அவளுக்கு ஒரே கூட்டமாகத்தான் தெரிந்தார்கள். அவளுக்கு அப்போதுதான் முதல் தடவையாக அழுகை வந்தது. கூடவே பற்களைக் கடிக்கிற அளவுக்குக் கோபமும் வந்தது.

பதில் எழுதக்கூடாது, ஆனால் எதையும் அழிக்கவும் கூடாது என்றாள் ஸுஹைனா. ஒவ்வொன்றையும் பெயரும் திகதியும் லிங்க்கும் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுக்க வைத்தாள். பக்கத்தை முகநூலுக்கு முறையிட வைத்தாள். தனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்பதையும் ஒரு வரியில் சொன்னாள். முன்பு அவளுடைய தங்கையின் படத்தை யாரோ எடுத்துப் பரப்பியபோது, பயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். பிறகு காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

வீட்டில் வேறு மாதிரி நடந்தது. மாதர் சங்கத்தில் தான் உள்ளே போனதும் பேச்சு நின்றுபோவதாக அம்மா சொன்னார். மத்தியஸ்தத்தை விட்டுவிடு, எல்லாம் தானாக அடங்கும் என்றார். அப்பா வலையைத் தூக்கிக்கொண்டு வாவிக்குப் போனார். அண்ணன் கட்டாரிலிருந்து போன் எடுத்தான்.

"நீ காற்சட்ட போட்டு ஓடினா அவனுகள் எழுதத்தான் செய்வானுகள். என்ட அறையில இரிக்கிற பெடியனெல்லாம் அந்தப் படத்தப் பாத்துட்டானுகள். எனக்கு வெளியில தல காட்ட ஏலாம இரிக்கி."

"எழுதினவனக் கேக்க உனக்கு வாய் வரல்ல. என்னக் கேக்க வருது" என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு ரதீஸ் அவளோடு பேசவில்லை.

ஸ்கிரீன்ஷொட்டுகளை ஒழுங்குபடுத்தும்போதுதான் ஒரு படத்தில் அவளுடைய கண் நின்றது. ஒரு பயிற்சி முகாமில் அவள் குனிந்து சப்பாத்துக் கட்டும் படம் அது. அந்தப் படத்தை வைத்துத்தான் மிகக் கேவலமாக எழுதியிருந்தார்கள். அதை எடுத்தவன் ஜொய்சன். அவனும் மத்தியஸ்தர், அவளோடு ஒரே நாளில் பரீட்சை எழுதிப் பாஸானவன், ஒரே கோயில்காரன். மத்தியஸ்தர்களின் வட்ஸ்அப் குழுவில் மட்டும்தான் அந்தப் படத்தைப் போட்டிருந்தான். குழுவில் வந்த படத்தை அவள் தேடியெடுத்துப் பார்த்தாள். அதில் ஓரங்களை வெட்டியிருந்தான். சிரிப்பு மன்றத்தில் வந்த படமோ வெட்டாதது. பின்னால் இருந்த தண்ணீர் வாளிகள் வரை அதில் தெரிந்தன.

ஜொய்சனுக்குக் கல்லடியில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை இருந்தது. மறுநாள் மத்தியானம் டினோஷா அங்கே போய் இரண்டு படங்களையும் போனில் காட்டினாள்.

"குழுவில எத்தின பேர் இரிக்காங்க, என்ன மட்டும் கேக்கிறாய்" என்றான் அவன்.

"குழுவில இரிக்கிறவனுக்கு வெட்டின படந்தான் கிடைச்ச. வெட்டாதது உன்ட போனில மட்டுந்தான் இரிந்த."

அவன் கடைக்கு வெளியே பார்த்தான். பிறகு சிரிக்க முயன்றான். "பகிடிக்குக் குடுத்த. அவனுகள் இப்பிடிச் செய்வானுகள் எண்டு எனக்கென்ன தெரியும்?"

"என்ட நம்பரையும் பகிடிக்குத்தான் குடுத்தியா?"

அவன் முகத்திலிருந்து சிரிப்புப் போனது. இறுதிப்போட்டி தனக்கு வரவேண்டியது என்றான். பொம்பிளை என்பதற்காக, பேப்பரில் படம் வரவேண்டும் என்பதற்காக, அவளுக்குத் தூக்கிக் கொடுத்தார்கள் என்றான். தான் எழுதியதில் என்ன பொய் இருக்கிறது என்று கேட்டபோதுதான், படம் கொடுத்தது மட்டுமல்ல, எழுதியதும் அவன் என்று அவளுக்குத் தெரிந்தது. வாய்தவறிச் சொல்லிவிட்டது அவனுக்கும் பிறகுதான் உறைத்தது.

"சரி, மன்னிச்சுக்க" என்றான். "பக்கத்த எடுக்கச் செல்லுறன். பொலிசுக்கு மட்டும் போகாத."

"இந்தக் கடைக்குள்ள கேக்கிற மன்னிப்பு எனக்கு வேணாம். குழுவில எழுது. படத்தக் குடுத்தது, நம்பரக் குடுத்தது, எழுதினது நான்தான் எண்டு உன்ட பேரில எழுது."

"உனக்கென்ன பைத்தியமா? எனக்குக் கலியாணம் பேசியிரிக்கி."

அவள் அங்கிருந்து நேரே பொலிசுக்குப் போனாள். ஸுஹைனாவும் வந்து வாசலில் காத்திருந்தாள். பெண் அதிகாரி ஒருவர் முறைப்பாட்டை எடுத்துக்கொண்டு, விசாரணை முடிய நாட்கள் எடுக்கும் என்று மறைக்காமல் சொன்னார். மத்தியஸ்தர் சங்கத்துக்கும் டினோஷா எழுதிக் கொடுத்தாள். செயற்குழுக் கூட்டத்தில் ஒருவர், இளம் பெடியனின் எதிர்காலத்தை யோசிக்க வேண்டும் என்றார். பகிடியைப் பகிடியாக எடுக்கத் தெரியாவிட்டால் விசில் எதற்கு என்று இன்னொருவர் கேட்டார்.

"பெனால்ட்டி பிழையெண்டா வீடியோவப் போட்டுப் பாருங்க, என்ன நிப்பாட்டுங்க" என்றாள் டினோஷா. "என்ட நம்பரப் போட்டு ஆம்பிளையள விட்டு விலை கேக்க வச்சது பகிடியெண்டா, உங்கட மகள்மார்ர நம்பரையும் அவனுக்கே குடுங்க."

யாரும் அவளுக்கு ஆதரவாக ஒரு சொல் சொல்லவில்லை. முழு வீடியோவை யாரோ கொண்டுவந்து போட்டார்கள். முழங்கையில் பந்து பட்டது எல்லோருக்கும் தெரிந்தது. ஜொய்சனை அந்தப் பருவம் முழுக்க நிறுத்திவைத்தார்கள். அவளுடைய பாதுகாப்புக்காக என்று சொல்லி அவளுக்கும் போட்டிகள் கொடுக்காமல் விட்டார்கள். அதற்கும் அவள் எழுத்தில் காரணம் கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் அலுத்துப்போய்த்தான் அவளுடைய பெயரைத் திரும்பப் போட்டார்கள்.

சிரிப்பு மன்றம் ஒருநாள் காணாமல் போனது. கொஞ்ச நாளில் வேறு பெயரில் திரும்பி வந்தது, வேறொரு பெண்ணின் படத்தோடு. பொலிஸ் ஜொய்சனைக் கூப்பிட்டு வாக்குமூலம் எடுத்தது. அவனுடைய கலியாணப் பேச்சு முறிந்தது. அவனுடைய தாய் டினோஷாவின் வீட்டுக்கு வந்து, என் பிள்ளையின் வாழ்வை உன் மகள் கெடுத்துவிட்டாள் என்று றீற்றாவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். முறைப்பாட்டை வாபஸ் வாங்கு என்று அன்றைக்கு முழுக்க அம்மா கெஞ்சினார். டினோஷா வாங்கவில்லை. தாயும் மகளும் ஒரே வீட்டில் வேறு வேறு நேரம் சாப்பிட்டார்கள்.

திரும்ப அவளுக்குக் கிடைத்த முதல் போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். அன்று காலை பூசைக்கு அம்மாவோடு போனாள். ஜொய்சன் முன் வாங்கு வரிசையில் நின்றான். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லச் சொல்லிப் பூசை செய்த சுவாமி அழைத்ததும் எல்லோரும் திரும்பிக் கும்பிட்டார்கள். அவனும் திரும்பி அவளைப் பார்த்துக் கைகூப்பினான். பக்கத்து வாங்குகளில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா முழங்கையால் அவளை இடித்தார்.

டினோஷா கைகூப்பவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன்தான் முதலில் கையை இறக்கிக்கொண்டு பீடத்தின் பக்கம் திரும்பினான்.

வீட்டுக்கு வரும் வழியில், கோயிலுக்குள்ளேயாவது மன்னித்திருக்கலாம் என்றார் அம்மா. அவன் இன்னும் குழுவில் எழுதவில்லை என்றாள் டினோஷா. பிறகு உடுப்புப் பையை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு பஸ் பிடிக்கப் போனாள்.