அக்கா படுத்திருந்த கல்யாணம்

கல்யாண வீட்டில் பட்டப்பகலில் பாய் விரித்துப் படுத்தவள் எனக்குத் தெரிந்து என் அக்கா ஒருத்திதான். அது என் கல்யாணம். அறுபதுகளின் தொடக்கம், பெரியநாயக்கன்பாளையத்தை ஒட்டிய எங்கள் தோட்டத்து வீட்டிலேயே வைத்திருந்தோம். வாசலில் பந்தல் வேலை நடக்கிறது, பின்கட்டில் பெண்கள் கூடி முறுக்குச் சுடுகிறார்கள். நடு அறையில், போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்க, அவள் கண்ணை மூடிக் கிடந்தாள். "கல்யாணம் தம்பிக்கு, அசதி அக்காளுக்காக்கும்" என்று பெரியம்மா ஒருவர் உரக்கவே சொன்னார். அக்கா கண்ணைத் திறக்காமலே, "ஆமாங்க பெரீம்மா. இப்பப் படுத்தாத்தானுங்க சாயங்காலம் நிக்க முடியும்" என்றாள்.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு பிடித்த மூட்டுவலி அது. காலையில் விரல்கள் மடங்காது. தலை வாரி முடிப்பதற்குள் நாளெல்லாம் களை வெட்டிய களைப்பு வந்துவிடும். வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் கொடுமை. கடைசியில் கோயமுத்தூர் டாக்டர் ஒருவர் இது தீராது என்று சொன்னபோது அம்மா அழுதாள். அக்காவோ, "தீராதுன்னு தெரிஞ்சுபோச்சு. இனி அதோட மல்லுக்கட்ட வேண்டாம், பொழங்கிக்கலாம்" என்றாள். அன்றிலிருந்து பாதி வேலையில் உட்கார்ந்துவிடுவாள். உட்கார்ந்ததற்காக யாரிடமும் கெஞ்ச மாட்டாள். சோம்பேறி என்ற பேச்சு அவளுக்கு வலியைவிடப் பெரிய பாரமாக இருந்திருக்கும். ஆனாலும் படுக்க வேண்டிய நேரத்தில் படுத்தாள்.

எங்கள் பக்கம் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் செய்யும் இணைச்சீர் இல்லாமல் கல்யாணம் இல்லை. முகூர்த்தத்துக்கு முந்தின சாயங்காலம், புதுப்புடவையின் ஒரு முனை தம்பியிடமும் மறுமுனை அக்காளிடமும் இருக்க, இருவரும் நெடுநேரம் நிற்க வேண்டும். சித்தப்பா மகளை நிறுத்திவிடலாம் என்றார்கள் பெரியவர்கள். அக்கா இருக்கும்போது இன்னொருத்தியா என்று எனக்குப் பொறுக்கவில்லை. அக்காதான் முடிவு சொன்னாள். "எணச்சீரு, தாலி கட்டறது, ரெண்டுக்கும் என்னால ஆவாது கண்ணு. ஒண்ணுக்குத்தான் தெம்பிருக்குது. சீர நான் பண்ணிப்போடறேன். தாலி கட்டறத ஆரு வேணா பாத்துக்கட்டும்."

சொன்னபடியே நின்றாள். விரல்கள் வீங்கியிருந்தன, புடவை முனை நழுவவில்லை. மறுநாள் விடிகாலையில் நான் தாலி கட்டும்போது அவள் உள்ளே பாயில் கிடந்தாள். மேளச் சத்தம் மட்டும்தான் அவளுக்கு. இப்போது என் முழங்காலே சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அவள் எதை விட்டு எதை எடுத்துக்கொண்டாள் என்பது இந்த வயதில்தான் முழுதாகத் தெரிகிறது.

ஆசி வாங்க நானும் மணப்பெண்ணும் உள்ளே போனோம். படுத்திருப்பவர் காலில் விழக்கூடாது என்பது வழக்கம். அக்கா கையை ஊன்றி எழப் பார்த்தாள், முடியவில்லை. மணப்பெண் அவளை நாத்தனார் முறை சொல்லி அழைத்து, தோளைத் தொட்டுத் தடுத்தாள்.

"எந்திரிக்காதீங்க நங்கையா. நேத்துல இருந்து நின்னு நின்னு எனக்கும் காலு கடுக்குதுங்க. சித்த தள்ளிப் படுங்க" என்றவள், கழுத்து மாலையைக் கழற்றி வைத்துவிட்டு அக்காவின் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பந்தலில் பெரியவர்கள் காத்திருக்கிறார்கள், பெண்ணை அழைத்துவரச் சொன்னார்கள் என்று ஆள் வந்தது. "ரெண்டு பேரும் படுத்திருக்கறாங்க. சித்த பொறுக்கச் சொல்லுங்க" என்று சொல்லி, கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றுகொண்டேன்.