சுடாத பல்பு

ஆய்வுக்கூடத்தில் என் அக்காவை ‘பூச்சியம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். மலையுச்சியிலிருந்து வரும் மண்ணைப் புனலில் போட்டு, மேலே பல்பை எரியவிடுவது அவள் வேலை. மண் சூடேறிக் காயக்காய, உள்ளே இருக்கும் பொடிப்பூச்சிகள் ஈரம் தேடிக் கீழே இறங்கி, ஈரத்தாள் போட்ட புட்டியில் விழும். “இதுங்க இல்லன்னா மலையில புல்லே இருக்காதுடி” என்று சொல்லிச் சொல்லியே என் உயிரை வாங்குவாள். பனி வருஷத்துக்கு வருஷம் சீக்கிரம் உருகுவதை, பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டதுபோல் விசாரித்துக்கொண்டிருப்பாள்.

இந்தத் தடவை எல்லாப் புட்டியும் காலி. “உச்சி மண்ணு செத்துப்போச்சு போலிருக்கு. இந்தச் சூட்டை அதால தாங்க முடியல. மேல வேலைய நிறுத்திரலாம்” என்றார் அவளுடைய மேலதிகாரி அம்மா. அக்கா வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். மறுநாளும் அதே கதை. எனக்குப் பயமாகிவிட்டது.

அத்தான் எலக்ட்ரீஷியன். அழுகிற மனைவியைத் தேற்றத் தெரியாது. பேச்சை மாற்றத்தான் தெரியும்.

“அது கெடக்கட்டும். உங்க கூடத்துல நான் புதுசா மாட்டுன எல்.இ.டி பல்பு எப்படி? கரண்டும் மிச்சம், தொட்டாக்கூடச் சுடாது!”

அக்கா விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். “சுடாதா?”

“சுடவே சுடாதும்மா.”

“அப்போ அதுங்க எதுக்குங்க கீழ எறங்கும்?”

அத்தான் தலையில் அடித்துக்கொண்டார். தினமும் அந்தப் பல்பின் கீழேயே நின்ற அக்காவுக்கும் அதுவரை இது தோன்றவில்லை. சூடாகிற பழைய பல்பு எந்தக் கடையிலும் இல்லை. அத்தான் கோழிப்பண்ணைக்காரர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, குஞ்சுகளுக்குச் சூடுகாட்டும் பல்புகளை வாங்கிவந்தார். குளிர்பெட்டியில் மிச்சமிருந்த மண்ணைப் புனலில் போட்டார்கள்.

மறுநாள் நானும் போய் லென்ஸில் பார்த்தேன். புட்டிக்குள் வெள்ளையாக ஏதோ துள்ளியது. பக்கத்தில் இன்னொன்று. பழைய கூட்டம் முழுசாக இல்லை. குளிரை நம்பி வாழும் சில வகைகள் குறைந்திருந்தன. ஆனால் உயிர் இருந்தது, ஏராளமாக இருந்தது. அத்தான் லென்ஸை விட்டு நகரவே மாட்டேன் என்றார்.

மேலதிகாரி அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பூச்சியம்மா, பையை எடுங்க. மேல போய்ப் புதுசா மண்ணு எடுத்துட்டு வரலாம்.”

“கொஞ்சம் இருங்கம்மா,” என்றாள் அக்கா. “நான் சாப்ட்டு வந்துடறேன்.”