சீற்றுக்கு அடியிலிருந்த பச்சை

பக்கத்து வீட்டுக் கதவுக்கு இன்று அடித்த பெயின்ற் மணம், காங்கேசன்துறையில் இப்போது தடமே இல்லாமற்போன எங்கள் தகரக் கொட்டிலுக்குள் என்னைக் கொண்டுபோனது. அம்மாவின் தமையன், கொம்பனி பூசிய நிறமேதான் என்று சத்தியம் பண்ணி அப்பாவுக்கு விற்ற சிவப்பு மோட்டார் சைக்கிள் அங்கே நின்றது. மாமாவுக்கும் அம்மாவுக்கும் முன்னாலேயே அப்பா சீற்றைக் கழற்றினார். அதன் அடியில், சிவப்புப் படாத இடத்தில், பழைய பச்சை மினுங்கியது.

“மச்சான், கொம்பனிப் பெயின்ற் இதுதான். மேலை கிடக்கிறது உம்மடை பூச்சு.”

“என்னைக் கள்ளன் எண்டுறீரோ?” என்றார் மாமா.

“ஓம்.”

மாமா அம்மாவிடம் திரும்பினார். “நீயும் அப்பிடித்தான் நினைக்கிறியோ?”

அம்மா பச்சையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சில வருடங்களில் மாமா செத்தபோது, மாமி அம்மாவைப் படலைக்குள்ளேயே விடவில்லை. சவம் வெளியே வரும்வரை அம்மா தெருவில் நின்றாள்.