குழாய் போகும் வழி

ஜுரு என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் அப்போது எனக்கு வேலை. இருதய நோயாளிகளுக்குப் போடும் நூல் போன்ற குழாய்களில் கீறல் இருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். இது உடம்புக்குள் எந்த வழியாகப் போகும் என்று கேட்டால், "உனக்கு எதுக்குலா அது? கீறல மட்டும் பாரு" என்பார் சூப்பர்வைசர். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த எரிச்சலில்தான் முப்பத்தைந்து வயதில் வேலையை விட்டு, ஜார்ஜ் டவுனில் மருத்துவப் படிப்புக்கான அடிப்படை வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாள் என்னை ஆசிரியை என்று நினைத்துப் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள்.

மருத்துவக் கல்லூரி நேர்காணலில் ஒரு தமிழ் டாக்டர், "இந்த வயசுல எதுக்கும்மா டாக்டர் படிப்பு?" என்றார்.

குழாய்க் கதையைச் சொன்னேன். "மணிக்கட்டுல நுழைச்சா இருதயம் வரைக்கும் போகுமாம் சார். வளைவுல எப்படித் திரும்புது?"

அவர் சட்டைக்கையை மடித்து, மணிக்கட்டிலிருந்து தோள் வரை விரலை ஓட்டிக் காட்டினார். பக்கத்தில் இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்து, நேரம் முடிந்தது என்றார்.

கதவுவரை போனவளுக்குப் பொறுக்கவில்லை. "சார், அப்புறம் அத எப்படி வெளிய எடுப்பீங்க?"

"அத இப்ப சொல்ல மாட்டேன்," என்றார் அந்தத் தமிழ் டாக்டர். "சேர்ந்ததும் நீயே வந்து பாரும்மா."