ஒச்சாயி போட்ட முறை

பரவைச் சந்தையில் என் கயிற்றுக்கடையை மிதிக்காத மாட்டுக்காரன் கிடையாது. மாட்டைக் கைமாற்றுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெற்றவர்களைக் கைமாற்றுகிறவர்களை கடை போட்ட முப்பத்தேழாம் வருசம்தான் முதலில் பார்த்தேன். அதுவும் என் கடையிலேயே.

ஒச்சாயி வாடிப்பட்டிப் பக்கம் ஊரார் வயலில் நாற்பது வருசம் நாற்று நட்டவள். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. வாய் மட்டும் நாலு ஊருக்குக் காணும். புருசன் சங்கிலிக்குக் கண்ணில் புரை விழுந்து, ஆள் வந்தால் நிழலாகத்தான் தெரியும். அவருக்குச் சோறு வைப்பதில் ஒச்சாயி ஒரு கணக்கு வைத்திருந்தாள். தொட்டுக்கொள்ளும் வெஞ்சனம் வலது கைப்பக்கம், உப்பு இடது பக்கம், தண்ணிச் செம்பு முழங்காலுக்கு நேரே. மனிதர் தடவாமல் ராஜா மாதிரிச் சாப்பிடுவார்.

வயல் வேலைக்கு ஆகாமல் போனதும் பண்ணைக் குடிசையும் போயிற்று. மூத்தவன் கருப்பு மதுரையில் மில் வேலை, ஒற்றை அறையில் ஆறு பேர். இளையவன் தவசி வாடிப்பட்டியில் தோட்டக் காவல், குடிசையில் காலை நீட்டினால் சுவர் இடிக்கும். கெட்ட பிள்ளைகள் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். இடம்தான் இல்லை. அதனால் ஊரில் நாலு பேர் செய்வதையே இவர்களும் செய்தார்கள். இந்த மாதம் அப்பன் அங்கே, ஆத்தா இங்கே. அடுத்த மாதம் மாற்றி.

மாதத்தின் முதல் சந்தையன்று மாற்று நடக்கும். அன்றைக்கு மட்டும் தவசி விடியற்காலையில் தோட்டத்துக் காய்கறி வண்டியோடு வந்து ஒருவரை என் கடையில் இறக்கிவிட்டு வியாபாரத்துக்குப் போவான். வெயில் ஏறியதும் கருப்பு பஸ்ஸில் வந்து மற்றவரை விட்டுவிட்டு, இருப்பவரைக் கூட்டிப்போவான். சாயங்காலம் தவசி மிச்சத்தை ஏற்றிக்கொள்வான். அண்ணனும் தம்பியும் பார்த்துக்கொள்வதே அபூர்வம். கருப்பு வெற்றிலை வாங்கப் போகிற நேரம்தான் கிழவனுக்கும் கிழவிக்கும் சொந்த நேரம். அதற்காக அந்த மனிதர் முதல் நாளே சவரம் செய்துகொண்டு வருவார்.

நாலாவது மாற்றில் கருப்பு வீட்டிலிருந்து சங்கிலி மெலிந்து வந்தார். ஒச்சாயி அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள்.

"சோறு போடலையா?"

"தங்கமாப் போடுறா மருமக. வெஞ்சனம் எங்கிட்டு இருக்குன்னு கேக்கத்தான் வெக்கமா இருக்கு. வெறுஞ்சோத்தத் தின்னுட்டு எந்திரிச்சுர்றேன்."

ஒச்சாயி என் கடைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"விருமாண்டி, அந்தக் கொட்டகை எதுக்குப்பா?"

"நார் போட்டு வைக்க, ஆத்தா."

"நாரு ஒரு ஓரமாக் கெடக்கட்டும். ஒனக்குக் கயிறு திரிக்க ஆள் வேணும்ல? அதுக்கு உள்ளங்கை போதும், கண்ணு எதுக்கு?"

கருப்பு வெற்றிலையோடு திரும்பி வந்ததும், "ரெண்டு பேரையும் தவசியே வச்சுக்கிறானாம், நீ பஸ்ஸப் பிடிப்பா" என்றாள். சாயங்காலம் தவசியிடம், "அண்ணன் வீட்டுப் பக்கத்து ரூமு காலியாம். இந்த மாசம் ரெண்டு பேரும் அங்கதான் போறோம். ராத்திரி அவன் வந்து கூட்டிட்டுப் போவான்" என்றாள். கண் இமைக்கவில்லை. நான்தான் வேர்த்துப்போய் நின்றேன். அன்றிரவே நாரை ஓரம் தள்ளி, கொட்டகையில் இரண்டு பேருக்கும் பாய் விரித்தேன்.

அந்த ஒரு மாதம் என் கடையில் இருந்த சந்தோசத்தை எப்படிச் சொல்வேன்! அவர் திரிக்க, அவள் எதிரே உட்கார்ந்து இழுத்துப் பிடித்தபடியே சந்தைச் சண்டை அத்தனையும் அவருக்கு ஒப்பித்துக்கொண்டே இருப்பாள். அவர் சிரிப்பில் கயிறு கோணிப்போகும். அதையும் விற்றேன்.

அடுத்த மாற்று நாள். தவசி தோளில் ஒரு பூசணிக்காயோடு என் கடை வாசலில் காத்து நின்றான். கருப்பு ஒரு மில் துண்டோடு வந்தான்.

"அண்ணே, ரெண்டு பேரையும் ஒத்தையாத் தாங்குனீங்க. ஒங்களுக்குத்தான் இது."

"நான் எங்கடா தாங்குனேன்? நீ தாங்குனதுக்குல்ல நான் துண்டு கொண்டாந்திருக்கேன்!"

இரண்டு முகமும் வெளுத்துப்போயின. கருப்பு என் சட்டையைப் பிடித்தான். நான் கொட்டகையைக் காட்டினேன்.

உள்ளே சங்கிலி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை நேரே வலது பக்கம் போய்க் கத்தரிக்காயை எடுத்தது. அடுத்து இடது பக்கம் உப்பு. கருப்பு நிலைப்படியிலேயே நின்றுவிட்டான்.

"எங்க வீட்டுல அப்பன் வெஞ்சனத்தத் தொடவே மாட்டாரே... பிடிக்காதுன்னுல்ல நெனச்சோம்" என்றான். கையிலிருந்த மில் துண்டாலேயே கண்ணைத் துடைத்தான்.

"அழுவாதடா. ஒம் மேல குத்தமில்ல" என்றாள் ஒச்சாயி. "ஆனா நாங்க இங்கயே இருந்துக்கிறோம். இனிமே முறை எங்களுக்கில்ல, ஒங்களுக்கு. ஒரு சந்தைக்கு நீ வா, மறு சந்தைக்கு அவன் வரட்டும்."

ஆனால் அண்ணனும் தம்பியும் முறை பார்க்கவேயில்லை. ஒவ்வொரு சந்தைக்கும் இரண்டு பேருமே வந்தார்கள். கேட்டால், ஆத்தா சொல்லை இனி நம்ப முடியாது என்பார்கள்.

உண்மை தெரிந்த அன்று மத்தியானமே தவசி கொண்டுவந்த பூசணிக்காயை ஒச்சாயி பொரித்தாள். கருப்பு அவள் கையிலிருந்து கரண்டியை வாங்கி, தானே அப்பனுக்கு வெஞ்சனத்தை வலது பக்கம் வைத்தான்.